வழிப்போக்கர்கள் நீங்கலாக

நாற்பத்தாறு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை இரண்டு பக்கமாகச் சுருக்கித் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நூலகர். அந்த இரண்டு பக்கத்தில் அவளுடைய சொந்தச் சரக்கு என்று இருந்தது ஒரே ஒரு சொல்தான். கொள்முதல் குழுக் கூட்டத்தில் நிதி அலுவலர் அதை வாய்விட்டு வாசித்ததும் மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். எதற்கும் லேசில் சிரிக்காத முதல்வர்கூட டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மின்னிதழ்களைப் படிக்க உரிமை உள்ளவர்கள்," என்று நிதி அலுவலர் இன்னொரு தடவை, இந்த முறை நாடக மேடைக் குரலில் வாசித்தார். "மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள், வழிப்போக்கர்கள்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூலகரைப் பார்த்தார். "ஏம்மா, இது காலேஜா, சத்திரமா?"

அவருக்குக் கல்லூரியில் கத்தரி என்று பெயர். எந்தக் கோப்பு வந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்குமுன் எதை வெட்டலாம் என்று பார்க்கிற கண் அவருக்கு. "ரோட்டுல போறவன் வர்றவன் படிக்கறதுக்கெல்லாம் நாம ஏன் கட்டணும்? அந்த வார்த்தைய எடுத்துடலாம். எடுத்தா எவ்வளவு கொறைப்பாங்கன்னு நானே மெயில் போட்டுக் கேக்கறேன்." முதல்வர் தலையாட்டினார். மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

நூலகர் வாயைத் திறந்திருக்கலாம். ரோட்டில் போகிறவர்கள் இல்லை சார், நூலகத்துக்கு நேரில் வந்து, பதிவேட்டில் எழுதி, இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிற வெளியாட்கள், ஒரு நாளைக்கு நாலு பேர்கூடத் தேறாது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். எழுதும்போதே 'நேரில் வரும் வாசகர்கள்' என்று எழுதித் தொலைத்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. நூலகத்துக்குள் எல்லோரும் வாய் நிறையச் சொல்லிப் பழகிய சொல், அவசரத்தில் எழுதும்போது காகிதத்திலும் வந்து விழுந்துவிட்டது. இப்போதாவது சொல்லலாம் என்று நிமிர்ந்தாள். நிமிர்ந்த உடனே கத்தரியின் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உங்க அக்காகூட தினம் வர்றாங்க போலிருக்கே? கேள்வி வருமுன்பே அவளுக்குக் காது சுட்டது. முப்பது வருடமாக ஒருவரும் அவள்மேல் ஒரு சொல் சொன்னதில்லை. "குறிச்சுக்கறேன் சார்" என்றாள். தன் கையிலிருந்த நகலில் அந்தச் சொல்லின் மேல் தானே பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

அந்தச் சொல் அக்காவுடையது.

மூன்று வருடத்துக்கு முன்னால், பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், அக்கா காலை பத்து மணிக்கு நூலக வாசலில் வந்து நின்றாள். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினாள். வந்த நேரம் எழுதினாள். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் 'படிக்க' என்று எழுதினாள். உள்ளே ஜன்னலோரத்தில் வெளியாட்களுக்கென்று போட்டிருந்த கணினியின் மேல் யார் யார் இதைப் பயன்படுத்தலாம் என்று ஒட்டியிருந்த தாளை, விடைத்தாள் திருத்துகிற கண்ணோடு மேலிருந்து கீழே வாசித்தாள். "இதுல நான் யாருடி?" என்று தங்கையைக் கேட்டாள். "மாணவி இல்ல. வாத்தியார் வேலையும் முடிஞ்சுபோச்சு. உங்ககிட்ட சம்பளமும் வாங்கல. கடைசியில நடந்து வர்றவங்கன்னு ஒண்ணு போட்டிருக்கான் பாரு, அதான் நான். வழிப்போக்கி." புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நூலகத்தில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. வாசலில் பதிவேட்டைக் காவல் காக்கிற வாசல் அண்ணன் மாலையில் கணக்குச் சொல்லும்போது, "இன்னிக்கு வழிப்போக்கர் மூணு பேரும்மா, நம்ம நத்தை டீச்சரையும் சேத்து" என்பார். அதில் ஒரு கேலியும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்கிற மாதிரிதான் சொல்வார்.

அவருக்கு அக்கா மேல் ஒரே ஒரு குறை. பதிவேட்டில் 'வெளியேறிய நேரம்' என்ற கடைசிக் கட்டத்தை அக்கா ஒரு நாளும் நிரப்ப மாட்டாள். "போறேன்னு எழுதறதுக்கு என்னண்ணே இருக்கு, காலையில வரத்தானே போறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். காலிக் கட்டம் இருந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்பதால், மாலையில் நூலகரே அதில் உத்தேசமாக ஒரு நேரத்தை எழுதி வைப்பாள்.

நத்தை டீச்சர் என்ற பெயர் பள்ளியிலேயே வந்தது. பள்ளியின் பின்சுவரில் மழை விட்டதும் ஊர்கிற நத்தைகளை அக்கா பத்தொன்பது வருடம் எண்ணியிருக்கிறாள். அந்த இனத்து நத்தைக்கு ஓடு வலப்பக்கமாகச் சுருளும். எப்போதாவது ஒன்று இடப்பக்கமாகச் சுருண்டு பிறந்துவிடும். அப்படிப் பிறந்ததற்கு மற்றவற்றோடு இணைசேர உடம்பு ஒத்துவராது, பெரும்பாலும் தனியாகவே ஊர்ந்து தனியாகவே செத்துப்போகும். ஆனால் அந்தச் சுவரில் மட்டும், ஒரு உடைந்த குழாய்க்குப் பக்கத்தில், இடப்பக்கம் சுருண்டவை கூட்டமாக இருந்தன, முட்டையிட்டன, வருடாவருடம் பெருகின. ஏன் என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு உலகத்தில் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும். அது முழுவதும் இருந்தது இந்த ஜன்னலோரக் கணினிக்குள்.

நியாயமாகப் பார்த்தால் அவள் வெளியாளாக வந்திருக்கவே வேண்டியதில்லை. அக்கா ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து இரண்டாம் வருடம் நடக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அக்கா படிப்பை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போனாள். தங்கை நூலகப் படிப்பில் சேர்ந்தாள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தாலாவது யாரையாவது திட்டிக்கொண்டு மனசை ஆற்றியிருக்கலாம்.

கூட்டம் முடிந்து தன் அறைக்கு நடக்கும்போது நூலகருக்கு இன்னொன்றும் உறுத்தியது. விலங்கியல் துறைப் பேராசிரியர் நூலகத்துக்கு வந்தால் நூலகருக்கு ஒரு தலையசைப்போடு சரி. நேராக ஜன்னலோரம் போய், அக்காவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று உட்காருவார். இவள் ஒவ்வோர் இதழுக்கும் மல்லுக்கட்டி வாங்கிப் போடுவாள், அக்கா வந்து அவற்றின் நடுவே ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பெரியவ எப்படிப் படிக்கறா" என்று கேட்டுவிட்டு, ஒப்புக்கு "சின்னவளும் படிக்கறாளா" என்று கேட்பார்கள். அந்தச் சொல்லின் மேல் கோடு இழுத்தபோது அடிவயிற்றில் குளிர்ந்த மாதிரி ஏதாவது இருந்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று சத்தியம் பண்ண அவளால் முடியவில்லை.

மின்னிதழ்களை விற்கிற பதிப்பகத்தின் பிரதிநிதிக்கு அவள் வைத்திருந்த பெயர் சரிங்க மேடம். நான்கு மாதமாகத் திரையில் பேசிப் பேசி அவனோடு மாரடித்திருக்கிறாள். எதைச் சொன்னாலும் முகமெல்லாம் சிரிப்பாக "சரிங்க மேடம்" என்பான். மறுவாரம் வருகிற புது வரைவில் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறியிருக்காது. அவள் கேட்டது ஒன்றுதான்: நாளைக்கே சந்தாவை நிறுத்தினாலும், அதுவரை பணம் கட்டி வாங்கிய இதழ்கள் எங்களிடமே இருக்க வேண்டும். பழைய ஒப்பந்தப்படி சந்தா நின்ற நாளில் எல்லாமே மறைந்துபோகும். வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது, அங்கே தூங்கிய தூக்கத்தையும் திருப்பிக் கொடு என்று கேட்கிற மாதிரி. பிடிவாதமாக நின்று, நாலாவது மாதத்தில் அதை எழுத்தில் வாங்கிவிட்டாள். அவள் வாழ்க்கையில் ஒரு நிறுவனத்தை ஜெயித்தது அது ஒன்றுதான். கூட்டத்தில் அந்தப் பத்தியை ஒருவரும் வாசிக்கக்கூட இல்லை.

நான்கு மாதம் இழுத்தடித்த அதே ஆள், வழிப்போக்கர்களை எடுக்கச் சொல்லிக் கத்தரி அனுப்பிய மெயிலுக்குப் பதினோரு நிமிடத்தில் பதில் போட்டான். எடுத்துவிட்டோம், விலையில் இரண்டு சதவீதம் தள்ளுபடி. கத்தரி அந்தப் பதிலை அச்செடுத்து, நூலகம் வரை நடந்து வந்து காட்டிவிட்டுப் போனார். "கேட்டாத்தாம்மா கெடைக்கும். உங்களுக்குப் பேரம் பேசத் தெரியல." முதல்வர் கையெழுத்துப் போட்டார். புது ஒப்பந்தம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, மூன்று வருடத்துக்கு.

முதல் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அக்கா ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு அறைக்குள் வந்தாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

"அடியே, ஏத்துக்கிட்டாங்கடி!"

அக்கா அனுப்பியிருந்த கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருத்தித் தரச் சொல்லியிருந்தது. கண்டுபிடிப்பு முக்கியமானது, ஆனால் சமீபத்தில் வந்த பதினொரு கட்டுரைகளோடு ஒப்பிட்டு விவாதத்தை மறுபடி எழுத வேண்டும், ஆறு வாரத்துக்குள். பதினொரு தலைப்பும் பட்டியலாக இருந்தன. நூலகர் கண்ணை ஓட்டினாள். பதினொன்றும் அந்தப் பதிப்பகத்துடையவை. அறுபத்திரண்டு வயதில் அக்காவின் முகம் பரீட்சை முடிவு வந்த பெண்ணின் முகமாக இருந்தது. "என் பேரு அச்சுல வரப்போகுதுடி. அப்பா இருந்திருந்தா எட்டு வீட்டுக்குக் கேக்கற மாதிரி சொல்லியிருப்பாரு."

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாள் நூலகர். சந்தோஷம் நிஜமாகவே இருந்தது. அதற்குமேல் சொல்ல வேண்டியதை மென்று விழுங்கினாள். ஒரு போனில் சரி பண்ணிவிடலாம், சரி பண்ணிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அக்கா கணினிக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சரிங்க மேடத்தைக் கூப்பிட்டாள்.

"அந்த நேர்ல வர்ற வாசகர் வரி இருக்கில்ல, அதைத் திருப்பிப் போட்டுடுங்க. ரெண்டு சதவீதம் வேணாம்."

"சரிங்க மேடம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மேடம், தப்பா நெனைக்கலேன்னா ஒண்ணு சொல்லட்டுமா? அந்த வரிக்கு நாங்க பைசா வாங்கறதே இல்ல. எல்லா லைப்ரரிக்கும் சும்மா போட்டுக் குடுக்கறதுதான். அதை எடுங்கன்னு உங்க ஆபீஸ்லருந்து மெயில் வந்ததும் எங்க ஆளுங்களுக்கே ஒண்ணும் புரியல. நான் சேர்ந்ததுலேருந்து யாரும் எடுக்கச் சொன்னதில்ல மேடம்."

"அப்ப அந்த ரெண்டு சதவீதம்?"

"அது வருஷக் கடைசியில எல்லாருக்கும் குடுக்கறதுதான். எப்படியும் குடுத்திருப்போம்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, அது திரை இல்லாத வெறும் போன்.

"இப்ப திருப்பிப் போட முடியுமா, முடியாதா?"

"கையெழுத்தாயிடுச்சே மேடம். சிஸ்டத்துல ஏறிடுச்சு. அடுத்த புதுப்பிப்புல கண்டிப்பா போட்டுடலாம்."

"அது மூணு வருஷம் கழிச்சுய்யா."

"சரிங்க மேடம்" என்றான்.

தலைமை அலுவலகத்துக்கு இரண்டு மெயில் போட்டாள். உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது என்று இரண்டுக்கும் இயந்திரம் பதில் அனுப்பியது. முதல்வருக்கு ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தாள். எப்படித் தொடங்கினாலும் அது 'எனது மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையால்' என்ற இடத்துக்குத்தான் வந்தது. மூன்று தடவை எழுதி, மூன்றையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். ஜன்னலோரம் அக்கா பதினொன்றில் ஒவ்வொன்றாகத் திறந்து, பத்திக்குப் பத்தி நிறுத்தி, பென்சிலால் நோட்டில் குறிப்பெடுத்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் இருக்கிறதே. நூலகர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா நிமிர்ந்து சிரிப்பாள். ஐந்தாம் நாள் மூன்றாவது கட்டுரை முடிந்திருந்தது. எட்டாம் நாள் நாலாவது. எட்டாம் நாளாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏழு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்று அன்றைக்கும் பேசாமல் வீட்டுக்குப் போனாள்.

முதல் தேதி பத்து மணிக்கு அக்கா வந்தாள். பத்து நிமிடத்தில் அறைக்கு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"கம்ப்யூட்டர் புதுசா ஒண்ணு கேக்குதுடி. மாணவர், ஆசிரியர், ஊழியர், இதுல நீ யாருங்குது. நாலாவத எங்க காணோம்?"

"உக்காருக்கா."

அக்கா உட்கார்ந்தாள். உட்காரச் சொன்ன குரலிலேயே பாதி புரிந்துவிட்டது அவளுக்கு. "என்னடி?"

"கமிட்டியில எடுத்துட்டாங்க."

"ஏன் எடுத்தாங்க?"

நூலகர் இழுப்பறையைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தை எடுத்து நீட்டினாள். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

"இது நான் சொன்ன வார்த்தையாச்சே" என்றாள் மெதுவாக. விரல் அந்தச் சொல்லின் மேலேயே இருந்தது. "சிரிச்சாங்களா?"

"ம்."

"இந்தக் கோடு உன்னுது. சின்ன வயசுலேருந்தே ஸ்கேல் வைக்காமத்தான் போடுவ. வலது பக்கம் இறங்கும்." தாளை மேசைமேல் வைத்தாள். "நீ ஒண்ணும் சொல்லலையா?"

"உனக்காகப் பேசற மாதிரி ஆயிடுமேன்னு..."

"எனக்காகப் பேசினாத்தான் என்ன?"

அக்கா தாளை மறுபடி எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வராத பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி உதடு லேசாக அசைந்தது.

"அப்ப, நான் லெட்டரக் கொண்டாந்து காட்டின அன்னிக்கே உனக்குத் தெரியும்."

"சரி பண்ணிடலாம்னு நெனச்சேன்க்கா. போன் பண்ணேன், மெயில் போட்டேன்..."

"ஒம்போது நாளுடி." குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்து வச்சிருப்பேனே. நான் பாட்டுக்குப் பென்சிலச் சீவிச் சீவி ஒண்ணொண்ணாப் படிச்சிட்டிருந்தேன். நீ வேற அப்பப்ப வந்து பாத்துட்டுப் போன."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது நூலகருக்கு. ஒரு துண்டுச் சீட்டை இழுத்து, தன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வேகமாக எழுதி அக்கா பக்கம் தள்ளினாள். "ஊழியர்னு போட்டு உள்ள போய்க்கோ. யாருக்கும் தெரியாது. மிச்சம் ஏழுதானே."

அக்கா சீட்டைத் தொடவில்லை. நூலகரின் தலைக்கு மேலே சுவரில் இருந்த அறிவிப்பை நிமிர்ந்து பார்த்து, வகுப்பில் வாசிக்கிற மாதிரி வாசித்தாள். "கடவுச்சொல்லைப் பிறருக்குத் தருவது ஒப்பந்த மீறல். மீறினால் கல்லூரி முழுவதற்கும் சேவை நிறுத்தப்படும். இப்படிக்கு, நூலகர்." பிறகு தங்கையைப் பார்த்தாள். "உன் பேர்ல போய் உக்காரச் சொல்றியா?"

"அக்கா, ப்ளீஸ்..."

"முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி என் எடத்தக் காலி பண்ணிட்டுப் போனேன். நீ படிச்ச. ஒரு நாளாச்சும் நான் அதைச் சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"இல்லக்கா."

"இன்னிக்கும் சொல்லிக் காட்டல" என்றாள் அக்கா. எழுந்து, நோட்டையும் பென்சிலையும் பையில் வைத்தாள். "எழுதினவங்களுக்கே கடுதாசி போட்டுக் கேட்டுப் பாக்கறேன். ரெண்டு பேரு அனுப்புவாங்க. மத்தவங்க பதிலே போட மாட்டாங்க. பாப்போம்." கதவருகே நின்று, ஏதோ மறந்த மாதிரி திரும்பினாள். "சாப்பாடு கொண்டாந்தியா? நேத்தும் நீ சாப்பிடலேன்னு வாசல் அண்ணன் சொன்னாரு."

நூலகர் தலையாட்டினாள். அக்கா போய்விட்டாள். கடவுச்சொல் எழுதிய சீட்டு மேசைமேல் இருந்தது. நூலகர் அதை நாலாகக் கிழித்து, பிறகு எட்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். மத்தியானம் கத்தரி அறையிலிருந்து ஆள் வந்து, ஜன்னலோரக் கணினியில் ஒட்டச் சொல்லி ஒரு புதுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்றே வரி, கொட்டை எழுத்தில். பழைய தாள் பசை காய்ந்து இறுகியிருந்ததால் முழுதாக உரிக்க வரவில்லை. அதன் மேலேயே ஒட்டினாள்.

மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல வாசலுக்கு வந்து பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நத்தை டீச்சருக்கு நீங்க எழுத வேணாம்மா" என்றார் வாசல் அண்ணன். அவருக்கு விஷயம் தெரியாது, சந்தோஷமாகத்தான் சொன்னார். "மூணு வருஷமா கத்திட்டிருந்தேன், இன்னிக்குத்தான் காதுல ஏறிச்சு. அவங்களே பேனா கேட்டு வாங்கி எழுதிட்டாங்க."

வந்த நேரம் பத்து. வந்த நோக்கம் படிக்க. வெளியேறிய நேரம் பத்து முப்பத்தைந்து. மூன்று கட்டத்திலும் அக்காவின் குண்டு குண்டான கரும்பலகைக் கையெழுத்து. நூலகர் முந்தின பக்கத்தைத் திருப்பினாள். அதற்கு முந்தின பக்கத்தையும். ஒவ்வொரு நாளும் ஒரே வரியில் இரண்டு கையெழுத்து இருந்தது, வந்தது அக்காவுடையதும், போனது அவளுடையதுமாக. வாசல் அண்ணன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். அவள் மறுபடி இன்றைய பக்கத்துக்கு வந்து, மூடி கழற்றிய பேனாவோடு அந்த வரியின் மேல் குனிந்து நின்றாள். அதில் நிரப்புவதற்கு ஒரு கட்டமும் மிச்சமில்லை.